நான் காத்திருந்தேன், அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்

மார்ச் 4

அப்பாவுக்கு எடுத்த விமான டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கியிருப்பார். தம்பி தன் ஓட்டைக் காரில் அழைத்து வருகிறானாம். "சாவகாசமா வர்றோம்ண்ணே. நாளைக்குக் கிளம்பினா ரெண்டு நாள்" என்கிறான். அம்மா போன பிறகு முதல்முறையாக அப்பா என்னோடு ஒரு மாதம் இருக்க வருகிறார். அதிலும் இவன் மூக்கை நுழைக்க வேண்டுமா?

மார்ச் 6

இன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் செய்தால் ஏதோ அணைக்கட்டில் நிற்கிறார்கள். அப்பாவே பேசினார். "தண்ணி திறந்து விட்டிருக்காங்கடா. பாத்துக்கிட்டே இருக்கலாம்." நாலு நிமிடம் விடாமல் பேசினார். என்னிடம் எப்போதும் மூன்றே கேள்விதான்: சாப்பிட்டியா, வேலை எப்படி, வச்சிடவா.

வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

மார்ச் 7

இன்று தர்பூசணித் தோட்டமாம். அதற்கு முன்னால் யாரோ ஒரு லாரி டிரைவரோடு சீட்டாட்டம். அப்பாவுக்குச் சீட்டு ஆடத் தெரியுமா? யாரைக் கேட்பது?

மனைவி சிரிக்கிறாள். "மாமா சந்தோஷமா இருக்கார். உங்களுக்கு என்ன வந்துச்சு?" எனக்கு என்ன வந்ததோ! நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். ஏறினால் நேரே போய்ச் சேர வேண்டும். நடுவில் நின்றால் எங்கள் கணக்கில் அது கோளாறு. லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், முட்டாள் மாதிரி.

மார்ச் 8

வந்துவிட்டார்கள். அப்பாவின் முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. புதுக் கட்டில், புது மெத்தை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஏதோ வாத்தை நினைத்துச் சிரித்தார்கள். என்ன வாத்து என்று கேட்டேன்.

"அங்க இருந்திருந்தாதாண்ணே புரியும்" என்றான் தம்பி.

கழுத்தைத் திருகலாம் போலிருந்தது. வாத்தின் கழுத்தை அல்ல.

மார்ச் 10

தம்பி கிளம்பிப் போனான். இனி அப்பா எனக்குத்தான்.

மார்ச் 23

சாப்பிட்டியா. வேலை எப்படி.

ஏப்ரல் 5

நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு எதுக்குடா சிரமம், பிளேன்ல போயிடுறேன்" என்றார். சின்னவனிடம் இப்படிச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

வரும் வழியில் அவர்கள் இருவரும் நின்ற இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றையும் விடப்போவதில்லை.

ஏப்ரல் 7

தோட்டத்தில் காய்ந்த கொடிதான் கிடந்தது. அணையில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை. "அதான் பாத்தாச்சேடா. வண்டிய எடு."

அடக்க முடியவில்லை. கேட்டே விட்டேன். "ஏம்ப்பா, அவன் காட்டினா இனிக்குது, நான் காட்டினா கசக்குதா?"

அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அவன் எங்கடா காட்டினான்? வழி தெரியாம சுத்திச் சுத்தி வந்தோம்."

ஏப்ரல் 8

இன்று ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காலையில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், "இது எங்க போகும்?" என்றார் அப்பா. தெரியாது என்றேன். "அப்ப இதுல திருப்பு."

செங்கல் சூளைகள். ஒற்றை வண்டி மட்டும் போகிற பாலம். எதிரே வந்த ஆட்டு மந்தைக்காக அரை மணி நேரம் காரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான், முதல் வேலையை மூன்றாம் நாளே விட்டு ஓடிவந்த கதையைச் சொன்னார். மேலாளர் துரத்தினாராம், இவர் குடையை விட்டுவிட்டு ஓடினாராம். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். ஆடுகள் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் சாலையோரம் நிறுத்தி டீ குடித்துவிட்டுக் காரில் ஏறினோம். தம்பி போன் செய்தான். "எங்கண்ணே இருக்கீங்க? மத்தியானமே வரணும்ல? அப்பாகிட்ட குடு."

குரலில் ஒரு கடுப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த கடுப்பு.

"தூங்குறார்டா" என்றேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.