ஏழு துறைமுகங்களும் ஒரே கையில்

ஜூலை 7, திங்கள்

ஹரிமாவ், அதாவது புலி, என்று பெயர் வைத்திருக்கும் பிளேயர் கூட்டம் இன்று காலை ஏழாவது துறைமுகத்தையும் பிடித்துவிட்டது. ஆபிஸில் கைதட்டல். எங்கள் மேலதிகாரி லியோங் எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய கூட்டம் நம் கேமில் உருவாகும் என்று யார் நினைத்தது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் டோனட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

நாங்கள் நடத்துவது கடல் வாணிப கேம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே கடலில் ஒரே நேரத்தில் கப்பல் ஓட்டுவார்கள். ஒரு துறைமுகத்தைப் பிடித்த கூட்டத்துக்கு அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு கப்பலும் சுங்கம் கட்ட வேண்டும். சுங்கத்தில் பீரங்கி வாங்கலாம். பீரங்கி இருக்கும்வரை துறைமுகம் கையை விட்டுப் போகாது. ஒரு முறை ஜெயித்தவன் அதற்குப் பிறகு தோற்க வழியே இல்லை. இந்த மாதிரி கேம்கள் எத்தனையோ இதே இடத்தில்தான் செத்திருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நான் இதைச் சொன்னேன். துறைமுக விதிகள் இப்போது என் பொறுப்பு; எழுதியது எனக்கு முன்னால் இருந்தவர். பிளேயர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், விடு என்றார் லியோங்.

கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓடிவிடுகிறார்கள். திரையில் அவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் கோடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆபிஸில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஜூலை 12, சனி

வீட்டில் பெரிய மனஸ்தாபம்.

ஏப்ரலில் ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் சறுக்கி என் தம்பி ஜைதுக்குக் கால் முறிந்ததிலிருந்து அவன் உலகம் முன்னறைக் கட்டிலோடு சரி. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். பழைய கூட்டாளிகள் ஆரம்பத்தில் வந்தார்கள், அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் அதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் கேமுக்குள் போனான். நான் சொல்லி அல்ல, அவனாகவே. இப்போது அங்கே அவனுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. பாசார் மாலாம், இரவுச் சந்தை, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டும் பிரவின், ஈப்போவில் ஒரு நர்ஸ், இன்னும் கொஞ்சம் பேர். அவன் வாய்விட்டுச் சிரிப்பது அவர்களோடு பேசும்போது மட்டும்தான்.

புதியவர்கள் புறப்படும் முதல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஹரிமாவ் ஆட்கள் காத்திருந்து மூழ்கடிக்கிறார்களாம். பொருள் எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் மூழ்கடிப்பு.

இன்று காலை பசியாறும்போது, அக்கா என்ற உரிமையில் கேட்டுவிட்டான்.

"லாத்தா, நீதானே உள்ள இருந்து பாக்கற. ஒரே ஒரு ஓட்டை சொல்லு. போதும்."

ஓட்டை இருக்கிறது. சர்வரை நிறுத்தித் திறந்ததும் கொஞ்ச நேரம் ஒரு துறைமுகத்தில் பீரங்கிகள் வேலை செய்யாது. கூட வேலை செய்யும் ரிஷிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இன்னும் சரிசெய்யவில்லை.

முடியாது என்றேன். வேலை போய்விடும் என்றேன். அதைவிட, அப்படி ஜெயித்தால் அது ஜெயித்தது ஆகாது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"நீ ஆபிஸ் ஆளு" என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூலை 13, ஞாயிறு

ஜைத் என்னோடு பேசவில்லை. என்னம்மா நடந்தது என்று உம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 21, திங்கள்

மீட்டிங். இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்ததை முன்வைத்தேன். ஒன்று, துறைமுகம் கூடக்கூட அதைக் காக்கும் செலவும் கூட வேண்டும்; ஏழையும் ஒருவரே வைத்திருப்பது கட்டுப்படியாகக் கூடாது. இன்னொன்று, முதல் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடலில் யாரும் யாரையும் தாக்க முடியாதபடி செய்வது.

லியோங் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொறுமையாகச் சொன்னார் - இந்தக் கம்பெனியில் விளக்கு எரிவதே ஹரிமாவ் ஆட்கள் கேமில் காசு கொடுத்து வாங்கும் சாமான்களால்தான். ஜெயித்தவர்களிடமிருந்து ஜெயித்ததைப் பிடுங்கினால் அவர்கள் போய்விடுவார்கள். போனால் இந்த அறையில் பாதிப் பேர் இருக்க மாட்டோம்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உள்ளே வருகிறவர்களும் இல்லாமல் போனால் அந்த விளக்கு எத்தனை நாள் எரியும்?

ரிஷி ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில் இறங்கும்போது "நீ சொன்னது சரிதான் ஜுபைதா" என்றான். லிஃப்டில் சொல்லி என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 2, சனி

ஈப்போ நர்ஸ் கேமை விட்டே போய்விட்டாராம். ஜைத் உம்மாவிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படி.

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஆபிஸுக்குள் நுழைந்ததும் எல்லோரும் பெரிய திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சுங்க வசூலைக் காட்டும் கோடு அடிமட்டத்தில் கிடந்தது. சர்வர் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விழவில்லை. எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஆனால் யாரும் கப்பலை எடுக்கவில்லை. முதல் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கடல் தெரியாத அளவுக்கு. சின்னக் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்திருக்கின்றன. சுங்கம் குறையும்வரை ஓடுவதில்லை. கப்பல் ஓடாவிட்டால் சுங்கம் ஏது? சுங்கம் இல்லாவிட்டால் அத்தனை பீரங்கிக்கும் வெடிமருந்து எங்கிருந்து வரும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே. எங்கள் விதிப் புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. யாரும் யோசிக்காத நகர்வு.

அப்புறம் யாரோ, கப்பலை நிறுத்தச் சொல்லி அழைப்பு விடுத்தவரின் அக்கவுண்டைத் தோண்டினார்கள். பாசார் மாலாம். கிள்ளான். என் வீட்டு முகவரி.

லியோங் என்னை அறைக்குள் கூப்பிட்டார். யார் இது என்றார். என் தம்பி என்றேன். நீ சொல்லிக்கொடுத்தாயா என்றார். இல்லை என்றேன். வீட்டில் இப்படி ஒருவர் விளையாடுகிறார் என்று ஏன் முன்பே தெரிவிக்கவில்லை என்றார். தெரிவித்திருக்க வேண்டும்தான்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடும்வரை வீட்டில் இரு என்றார்கள். சுபாங் ஜெயா ஸ்டேஷனில் இரண்டு கொம்யூட்டர் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜைத்கிட்ட சொல்லிட்டேன். கத்திட்டேன். உன் பாட்டுக்குப் படுத்துக்கிட்டு விளையாடுற, என் சோத்துல மண்ணு விழுதுன்னு. உம்மா முன்னாடியே. அவன் மூஞ்சி செத்துப்போச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் என்ன பண்ணான், கப்பல நிறுத்தி வச்சான், அவ்வளவுதானே.

சாயங்காலம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் அறை வாசலுக்கு அவனே வந்தான். ஒரு மாதமாக என்னோடு பேசாதவன்.

"ஓட்டை கேட்டேன், நீ தரல. அதனாலதான் வேற என்ன வழின்னு எல்லாரும் உக்காந்து யோசிச்சோம்" என்றான். பிறகு, "நிறுத்திடவா லாத்தா? நான் சொன்னா நிறுத்திடுவாங்க. உன் வேலை மிஞ்சும்ல?"

நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தாவுக்குக் கடை வியாபாரம் சரியில்லை. ஜைதின் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது. எல்லாம் தெரியும்.

"நிறுத்தாதே" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓட்டை இல்லாமல் ஜெயிக்க அவன் கண்டுபிடித்த வழி அல்லவா இது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரிஷி போன் செய்தான். நங்கூரம் போட்ட அக்கவுண்டுகள் எல்லாவற்றையும் முடக்கப் பேச்சு நடக்கிறதாம். எழுத்து வேலைகூட முடிந்துவிட்டதாம். ஹரிமாவ் தலைவர் லியோங்கை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருப்பதால்தான் திங்கள்வரை தள்ளியிருக்கிறது. அவர் வந்து மேஜையைக் குத்தப்போகிறார், அதன் பிறகு எல்லாம் முடிந்துவிடும் என்றான்.

ஜைதிடம் சொல்லவில்லை. அது ஆபிஸ் விஷயம். இந்த நிலைமையிலும் நான் அதைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் விசாரணை. ரிஷி பதிவுகளைக் கொண்டுவந்து காட்டினான். அந்தப் பீரங்கி ஓட்டை ஒன்று இருப்பதையும், பாசார் மாலாம் ஆட்கள் ஒருவர்கூட அதன் பக்கம் போகவில்லை என்பதையும் லியோங் முகத்துக்கு நேராகச் சொன்னான். ஜுபைதா சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்றான். லிஃப்டுக்கு வெளியே அவன் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை. தம்பி விளையாடுவதை மறைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இந்த வருடப் பதவி உயர்வு கிடையாது. சரி.

மதியம் ஹரிமாவ் தலைவர் வந்தார்.

நாங்கள் எல்லோரும் ஓர் ஆண்பிள்ளையை எதிர்பார்த்தோம். ஏன் என்று கேட்டால் தெரியாது. வந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. சீதாலெட்சுமி. கிள்ளானில் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங் நடத்துகிறார். பருத்திப் புடவை, கையில் மூன்று போன். இந்தத் துறைமுகங்களுக்கு யார் பொறுப்போ அவர்களும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். லியோங் என்னைக் கூப்பிட்டார்.

அக்கவுண்டுகளை முடக்கிவிடுகிறோம், உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னியுங்கள் என்று லியோங் ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவர்களை முடக்கினால் அன்றைக்கே என் கூட்டத்தைக் கலைத்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்.

என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"மூணாவது துறைமுகம் வரைக்கும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா. எதிர்த்து நிக்க ஆள் இருந்தாங்க. ஏழையும் பிடிச்ச பிறகு நாங்க வெறும் காவக்காரங்க. கல்யாண ஆர்டர் நடுவுல போனை எடுத்து எடுத்துப் பாக்கறேன். என் ஆளுங்க ஒவ்வொருத்தரா சலிச்சுப் போறாங்க. விட்டுட்டா இத்தனை நாள் பட்ட பாடு போயிடும். விடவும் முடியல, விளையாடவும் முடியல."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்படியானால் புதிதாக வருகிறவர்களை ஏன் மூழ்கடிக்கிறீர்கள் ஆன்டி என்றேன்.

"வேற என்ன செய்யறது? ஜெயிச்சவங்களுக்குச் செய்ய ஒண்ணும் நீங்க வைக்கலியே."

அந்த அம்மா என்ன சொன்னார் என்று லியோங் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். லியோங் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஜூலையில் நான் காட்டியதை இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லேப்டாப் திரும்பக் கிடைத்தது. மாற்றம் தயாராகிறது என்று ஆபிஸே அறிவித்ததும் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்தன.

செப்டம்பர் 5, வெள்ளி

விடுமுறை. ஆனாலும் வேலை. ரிஷியும் நானும் போனிலேயே பேசிப் பேசி எண்களைச் சரிசெய்கிறோம். செலவை அதிகம் ஏற்றினால் ஒரு துறைமுகத்தைக்கூட யாரும் வைத்திருக்க முடியாது. குறைத்தால் பழைய கதை. இந்த முறை தவறினால் அது என் தவறு. வேறு யார் தலையிலும் போட முடியாது.

செப்டம்பர் 10, புதன்

மாற்றங்களை இன்று திறந்துவிட்டோம். மதியத்துக்குள் ஹரிமாவ் நான்கு துறைமுகங்களைக் கைவிட்டது. நான்கிலும் சண்டை. சர்வர் இரண்டு முறை திணறியது. லியோங் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வசைகளும் வருகின்றன, நிறைய. ஹரிமாவ் ஆட்களில் பலர் சீதாலெட்சுமியைத் துரோகி என்று திட்டிவிட்டுக் கேமை விட்டுப் போய்விட்டார்கள். அதில் தாராளமாகச் செலவழித்தவர்களும் உண்டு. லியோங் பயந்தது பாதி நடந்துவிட்டது. மீதியும் நடக்குமா?

செப்டம்பர் 27, சனி

பாசார் மாலாம் ஒரு துறைமுகத்தைப் பிடித்துவிட்டது. ஜைத் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அங்கிள் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்.

அக்டோபர் 8, புதன்

ஆபிஸ் திரையில் பார்த்தேன். கடலிலேயே அதிகச் சுங்கம் வாங்குவது பாசார் மாலாம்.

ஏன் இவ்வளவு சுங்கம் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். செலவு இருக்குல்ல லாத்தா என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிசியோதெரபிக்குப் போகவில்லை, தாக்குதல் வரும் போலிருக்கிறதாம். உம்மா அழாத குறை. டாக்டர் இப்போது நடக்கப் பழகாவிட்டால் பிறகு கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அவனோ தோற்றுவிட்டால் என்ன ஆகும், தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அன்று சீதாலெட்சுமி சொன்ன அதே பேச்சு என் வீட்டு முன்னறையில். நான் செய்தது போதுமா, போதாதா?

அக்டோபர் 15, புதன்

ஜைத் இன்றும் பிசியோவுக்குப் போகவில்லை. சொன்னால் ஆபிஸ் ஆளு என்பான்.

அக்டோபர் 23, வியாழன்

புதிய உறுப்பினர்கள் முதல் வாரத்தைத் தாண்டி நிற்கிறார்கள். கோடு மெதுவாக மேலே ஏறுகிறது. லியோங் அதைப் பார்த்தார். என் மேஜையில் ஒரு காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 25, சனி

காலையில் பாசார் மாலாம் துறைமுகத்தை இழந்தது. பிடித்தது யாரோ பினாங்குப் பிள்ளைகள். கேமில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவர்கள். அறைக்குள் போகலாமா வேண்டாமா என்று கதவருகிலேயே நின்றேன்.

ஜைத் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போச்சு என்றான். பிறகு, இன்றைக்குப் பிசியோ எத்தனை மணிக்கு என்று உம்மாவைக் கேட்டான்.

நான்தான் காரை எடுத்தேன். கிள்ளான் பாலத்தில் நெரிசல். அந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கமாக வந்தார்கள், பிரவின் எங்கே கோட்டை விட்டான், அடுத்த தடவை எங்கே காத்திருந்து மடக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகும் முடிக்கவில்லை. நான் வாக்கரை விரித்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலேயே நடந்தான்.