கழுவாமல் விட்ட சமையலறை

குகட்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் மகன் வினய்க்கு, அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் சுப்ரியாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி பேசுவதற்குள் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். உன் நண்பன் திருநாவுக்கரசு லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்திருக்கிறேன். நீ கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் பொடியைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுப்ரியாவின் பயிற்சி முடியப்போகிறது. தடய அறிவியல் ஆய்வகத்தில் மேஜை முன் உட்கார்ந்து வேலை பார்த்தவளைத் தீ விபத்து விசாரணை கற்றுக்கொள்ள அனுப்பினார்கள் அல்லவா, இனி தீப்பிடித்த இடத்துக்கே நேரில் போகும் குழுவில் சேரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். தலைமுடியெல்லாம் புகை நாற்றம், கருகிய பிணத்துக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பெண் நிற்பதா என்றாயாம். அவள் புகார் சொல்லவில்லை. உன்னோடு பேசிவிட்டு வந்து, சமையல் எல்லாம் முடிந்த பிறகு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் கிளறிக் கேட்டேன்.

அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? கட்டில், சோபா, திரைச்சீலை எல்லாம் போட்டு ஒரு அறையை வீடு மாதிரியே அமைத்து அதற்குத் தீ வைக்கிறார்கள். அணைந்த பிறகு இவர்கள் மண்டி போட்டு, சாம்பலை அடுக்கு அடுக்காக எடுத்து, எங்கே ஆரம்பித்தது, எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுத்ததை இறுக மூடும் தகர டப்பாவில் போட வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டால் பெட்ரோல் ஆவி தப்பிவிடும் என்கிறாள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டுமாம். முதல் தடவை இவள் யாரோ எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று எழுதிப் பூஜ்யம் வாங்கி வந்தாள். கடைசியில் அது அயர்ன் பாக்ஸாம். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கூத்தைக் கேள். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் எத்தனையோ பேரை மேய்த்த மனுஷர், மருமகள் பேச்சைக் கேட்டு வீட்டிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார். சட்னி அரைக்க நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போக வேண்டியிருக்கிறது. பழைய கம்பெனி பஸ் நண்பர்கள் யாரைப் பார்த்தாலும் மருமகள் புராணம்தான்.

நீ பயப்படுவாய் என்று உன்னிடம் ஒன்றை மறைத்தோம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கீழ் வீட்டு சகுந்தலாவின் சமையலறையில் தீப்பிடித்துவிட்டது. மாடிப்படியில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பவுடர் அடித்து அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அணைத்துவிட்டார்கள். சகுந்தலாவின் மருமகள் ஸ்ரீஜாவுக்குக் கையில் மட்டும் காயம். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. சாமி விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் டின் தரையில் கருகிக் கிடப்பதைப் பார்த்ததும் சகுந்தலா தலையில் அடித்துக்கொண்டு, இவளேதான் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினாள் என்று காலனிக்கே கேட்கும்படி கத்தினாள். அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீடு கரியாகக் கிடக்கக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் கழுவிவிட வேண்டும் என்று பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு வந்துவிட்டார்கள். நானும் நம் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

சுப்ரியா பாதி பின்னிய ஜடையோடு ஓடிவந்து சமையலறை வாசலில் குறுக்கே நின்றாள். எல்லோரிடமும் தெலுங்கில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. உடனே என் கையிலிருந்த வாளியைத்தான் முதலில் வாங்கிக் கீழே வைத்தாள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, பதற்றம் வந்தால் அவள் தமிழில் எல்லாம் கலந்துவிடும். “நக்கோ அத்தை, வேண்டாம், ஊத்தாதீங்க. இதைக் கழுவிட்டா அந்தப் பொண்ணு ஆயுசு பூரா பதில் சொல்லிட்டே இருக்கணும்” என்றாள்.

அவளுடைய பயிற்சி அதிகாரி அப்துல் காதருக்குப் போன் செய்துவிட்டு, அவர் குழுவோடு வரும்வரை அந்த வாசலை விட்டு நகரவில்லை. சகுந்தலா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் வந்ததும் இவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் கரி கீழே குறுகி மேலே விரிந்திருந்ததையும், அங்கே பிளக் உருகிப்போயிருந்ததையும் காட்டியது நம் பெண்தான். தீ ஆரம்பித்த இடத்தில்தான் கரி அப்படிப் படியுமாம், அந்தப் பிளக்கில்தான் பிடித்திருக்கிறது. எண்ணெய் டின்னோ, எரிந்து விழுந்த அலமாரியின் சாம்பலுக்கு மேலே கிடந்தது. மூடி திருகியபடியே இருந்தது. அலமாரியோடு சேர்ந்து பிறகு விழுந்த டின் அது. தரையிலிருந்து எடுத்த சாம்பலிலும் எண்ணெய் இல்லை என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். என் ஒரு வாளித் தண்ணீரே போதும், எல்லாம் கலந்து சாக்கடைக்குப் போயிருக்கும்.

நேற்று பார்த்தேன், கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீஜாவுக்குச் சகுந்தலா தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். காதர் சார் அப்பாவிடம், சாம்பலைப் பார்க்க நாங்கள் கற்றுக்கொடுத்தோம், வாசலில் நிற்க நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை என்றாராம். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும்தான். எனக்கு இருக்கிற பெருமைக்கு அளவே இல்லை.

வினய், உன் தங்கம் சித்தி ஸ்டவ் வெடித்துப் போய்விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். எங்களுக்கும் அவள் புகுந்த வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள். தந்தி கிடைத்து நாங்கள் மாயவரம் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் வீட்டைக் கழுவுவது வழக்கம்தானே, கழுவியும் விட்டார்கள். சமையலறைத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. ஸ்டவ் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று என்றார்கள். அவர்கள் செய்தார்களா, தானாக நடந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உன் தாத்தா கடைசிவரை அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சுப்ரியாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக அந்த வேலைக்குச் சம்மதிப்பாள். அவளுக்காகத்தான் அவள் சம்மதிக்க வேண்டும். நீயும் சொல்லாதே.

புகை நாற்றத்தைப் பற்றி உனக்கு என்ன கவலை, நான் சீயக்காய் அரைத்து வைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு, தைரியமாகப் போய்வா என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் அவள் முகம் மலரும். நீ நூறு வயது நன்றாக இரு. அவள் போகிற வீட்டுக்கெல்லாம், யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன் போய் நிற்கட்டும்.

உன் அம்மா,
தங்கத்தின் அக்கா,
கனகம்