சந்தனம் வைத்த ஃபில்டர்

லியோன்,
20.9.2025

அன்பான அண்ணிக்கு,

போன்ல பேசினா நம்ம ரெண்டு பேருக்கும் சண்டைலதான் முடியுது. அதனால எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பறேன். பக்கவாதம் வந்து கிடக்கிற அண்ணன ஆஸ்பத்திரிக்கு என் கார்ல கூட்டிட்டுப் போய் வர்றீங்க. எங்கம்மா இருந்திருந்தாகூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க.

ஃப்ரெண்டு வேம்பு ஊருக்கு வர்றான். அவங்கிட்ட காருக்கு ஒரு பார்சல் குடுத்திருக்கேன். நம்ம கார்ல டர்போ கிடையாது, இன்ஜின் தானா மூச்சிழுத்துதான் ஓடணும். அது காத்து இழுக்கிற வழிய மாத்துற செட் இது. கார்ல இருக்கிற பழைய ஃபில்டர் டப்பாவிலயே நல்ல ஃபில்டர் போடலாம்தான்; ஆனா இன்ஜின் உறுமற சத்தமே வராது, எதுக்கு அது? திறந்த ஃபில்டர இன்ஜின் பக்கத்துலயே மாட்டினா நம்மூர் வெயிலுக்கு அனலத்தான் இழுக்கும். அதனால நீளப் பைப்பு வச்சது வாங்கினேன். ஃபில்டர் கீழ, முன் பம்பருக்குப் பின்னால உக்காரும், குளிர்ந்த காத்து கிடைக்கும். தட்டாஞ்சாவடில பக்கிரி ஒர்க்‌ஷாப்ல குடுத்து மாட்டி வைங்க. டிசம்பர்ல வந்து ஈசிஆர்ல ஒரு ஓட்டு ஓட்டணும்.

உங்க கொழுந்தன்,
கலைச்செல்வன்


கருவடிக்குப்பம்,
3.10.2025

தம்பி கலை,

வேம்பு பார்சலும் சாக்லெட்டும் குடுத்தான். இத்தன தூரத்துலேர்ந்து எங்கள நெனச்சிக்கிறியே, நல்லா இருப்பா.

முந்தாநேத்து ஆயுத பூஜை. புதுச் சாமானப் பூஜை போடாம மாட்ட மனசு வரல. ஃபில்டர தாம்பாளத்துல வச்சு சந்தனம் பூசி குங்குமம் வச்சேன். மடிப்பு மடிப்பா இருந்துதா, ஒரு மடிப்பையும் விடல. மறுநாள் ஈரத்துணியால தொடச்சா குங்குமம் இன்னும் உள்ள போயி எல்லாம் செவந்துபோச்சு. பக்கிரி பாத்துட்டு, "அக்கா, இத மாட்டினா சந்தனமும் குங்குமமும் இன்ஜினுக்குள்ள போயிடும்"னு வண்டிய பழைய டப்பாவோடயே அனுப்பிட்டான்.

உங்கண்ணன்கிட்ட சொன்னேன். படுத்ததுலேர்ந்து சிரிக்காத மனுஷன் சிரிச்சாரு. அதுக்காச்சும் கோச்சுக்காத.

உன் அண்ணி,
கண்ணகி


லியோன்,
6.10.2025

அண்ணி,

ஆசப்பட்டு வாங்கின பொருள். ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யக் கூடாதா? வேற செட் ஆர்டர் போட்டு பக்கிரிக்கே நேரா அனுப்பறேன். தீபாவளி முடிஞ்சதும் காரையும் சாவியையும் அவங்கிட்ட விட்டுடுங்க. நான் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கட்டும். அண்ணனுக்கு ஆட்டோ வச்சுக்கங்க.

கலைச்செல்வன்


கருவடிக்குப்பம்,
24.10.2025

தம்பிக்கு,

வண்டிய இன்னிக்கு பக்கிரிகிட்ட விட்டுட்டேன். முந்தாநேத்தே விட்டிருப்பேன். அன்னிக்குக் காலைல உங்கண்ணனுக்கு மூச்சுத் திணறல். பெஞ்ச மழைல தெருவே ஏரி மாதிரி கிடந்துது. ஆம்புலன்ஸ் எப்ப வரும்னு சொல்ல முடியலன்னாங்க, ஆட்டோக்காரங்க ஒருத்தரும் வரல. உன் வண்டியத்தான் எடுத்தேன். சக்கரம் பாதி முழுகற தண்ணி. எல்லா சாமியையும் கூப்டுக்கிட்டே ஃபர்ஸ்ட் கியர்லயே போனேன். வண்டி எங்கயும் நிக்கல. பெரியாஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சாங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. இப்ப கஞ்சி குடிக்கிறாரு.

விடச் சொன்ன வண்டிய எடுத்தேன்னு கோச்சுக்கிட்டா கோச்சுக்க. ஆனா உங்கண்ணனத் திருப்பிக் குடுத்தது அதுதான். சாகற வரைக்கும் அந்த நன்றிய மறக்க மாட்டேன். இனிமே ஆட்டோல பாத்துக்கறோம்.

கண்ணகி


லியோன்,
27.10.2025

அண்ணி,

வெறும் பேரு மட்டும் போட்டிருக்கீங்க. 'உன் அண்ணி'ன்னு போடாம நீங்க எனக்கு எழுதினதே இல்ல. அதப் பாத்துட்டு இன்னிக்கு வேலைக்கே போகல.

பைப்பு செட்டோட படத்த எடுத்து வச்சுப் பாத்தேன். அந்த ஃபில்டர் உக்கார்ற எடம் சக்கரத்துல பாதி உசரம்கூட இல்ல. அது மாட்டியிருந்தா, காத்துக்குப் பதிலா தண்ணிய இழுத்து இன்ஜின் நடுரோட்டுல செத்திருக்கும், உள்ள அண்ணன வச்சுக்கிட்டு. பழைய டப்பா காத்து இழுக்கிற வாய் மேல, பானட்ட ஒட்டி இருக்கு. நீங்க வச்ச சந்தனம் குங்குமத்தாலதான் எங்கண்ணன் இன்னிக்கு இருக்காரு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

ரெண்டாவது செட்ட வேணாம்னுட்டேன். எதுக்கு அதுன்னு எழுதினேனே, பழைய டப்பாவுல போடற ஃபில்டர், அதத்தான் வாங்கி அனுப்பறேன். நாளைக்கு பக்கிரி வண்டியக் கொண்டாந்து வாசல்ல விடுவான். உங்க பேருக்கு மாத்தற பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். டிசம்பர்ல வர்றப்ப ஒரு நாள் ஓட்டக் குடுத்தீங்கன்னா போதும்.

ஃபில்டர் வந்ததும் தாராளமா பூஜை போடுங்க, அண்ணி. இனிமே அது உங்க வண்டி. பொட்டு மட்டும் டப்பா மேல வைங்க.

உங்க
கலை