பதினாறு அங்குல உயரம்

2 மார்ச்

அளவுக்காரி மருமகளுக்கு,

நலமா? நான் நலம். ஒடிந்த மணிக்கட்டும் நலம்.

தினம் அரைப்பக்கம் எழுதினால்தான் விரல் மடங்கும் என்று பிசியோதெரபிப் பெண் கட்டளை போட்டிருக்கிறாள். போனில் யார் பேசினாலும் எனக்கு மாவு மில் ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. அதனால் இன்றைய அரைப்பக்கம் உனக்கு.

கத்தரி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையைத் திறக்கப்போகிறேன். மருத்துவமனை நர்ஸ்களுக்கு அறுபது செட் சீருடை. மேட்ரன் அம்மா நேரிலேயே வந்து, "வேற டெய்லர் வெட்டினது தோள்ல இழுக்குதுங்க. நீங்க வர்ற வரைக்கும் பழசையே போட்டுக்கறோம்" என்றார். ஏப்ரல் முதல் தேதிக்குள் இருபது செட் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடை ஒழுகியபோது உங்கள் வண்டி ஷெட்டுக்கு அனுப்பிய என் கட்டிங் மேஜையை இந்த வாரம் ஏற்றிவிடுங்கள். உன் புருஷனிடம் சொல்லியிருக்கிறேன். "சரிப்பா" என்றான். "சரிப்பா" வந்துவிட்டது, மேஜைதான் வரவில்லை. ஏற்றும்போது நீ கிட்ட நில். காலைப் பிடித்துத் தூக்க விடாதே, சட்டத்தைப் பிடிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா

5 மார்ச்

மாமாவுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். மேஜையின் கால்களை அறுத்துவிட்டேன், மாமா.

எங்கள் ஷோரூமில் பழைய மேஜைகளைச் சென்டர் டேபிளாக அடுக்கிக் காட்டுவதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். சொந்த ஹாலுக்கு மட்டும் எட்டு மாதமாக ஒன்றும் அமையவில்லை. சோபா ஒன்பதடி. மேஜை அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சோபாவின் இருக்கை பதினேழு அங்குலம், மேஜை அதைவிட ஓர் அங்குலம் தாழ்வாக இருந்தால் கைக்குச் சரியாக இருக்கும். கடைகளில் வந்ததெல்லாம் பழசு போலச் சாயம் பூசிய புதுசு. ஒருநாள் ஷெட்டில் உங்கள் மேஜையைப் பார்த்தேன். ஆறடி. ஓரத்தில் நீங்கள் பதித்த பித்தளை அளவுகோல். மேலே கத்தரியும், துணியில் குறி போடும் பல்சக்கரமும் முப்பது வருடம் போட்ட கீறல்கள். உயரம் மட்டும் முப்பத்தாறு அங்குலம்.

அவரிடம் இரண்டு முறை கேட்டேன். "அப்பாவுக்கு இனிமே எதுக்கு? அறுத்துக்கோ" என்றார். தச்சர் வந்து இருபது அங்குலம் அறுத்தார். துண்டுகளை அடுப்புக்கென்று அவரே எடுத்துப்போய்விட்டார். நான் மெழுகு மட்டும் தடவினேன், கீறல்களைத் தேய்க்கவில்லை. மேலே ஒரு தட்டு, நான்கு புத்தகம், தாழ்வான ஒரு கிண்ணம். வந்தவர்கள் எல்லாரும் அந்த அளவுகோலைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பெருமையாகச் சொன்னேன்.

நீங்கள் கேட்டதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அறுத்த பிறகுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும், மாமா? திட்டியாவது எழுதுங்கள்.

மருமகள்

8 மார்ச்

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மேஜையை என்றைக்கு அறுத்தீர்கள்? தேதியை மட்டும் எழுது.

மாமா

11 மார்ச்

மாமாவுக்கு,

பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. தச்சருக்கு அன்றுதான் ஒழிந்தது. எதற்குக் கேட்டீர்கள்?

நான் சும்மா இருக்கவில்லை. கால்களுக்கு இரும்பில் ஒட்டு வைத்து உயர்த்த முடியுமா என்று அதே தச்சரிடம் கேட்டேன். "நிக்கும்மா. ஆனா கத்தரி போட்டா ஆடும். ஆடுற மேஜையில டெய்லர் என்னத்த வெட்டுவாரு, தன் விரலத்தான்" என்றார். அவருக்கு அது சிரிப்பாக இருந்தது.

மருத்துவமனையில் பத்து நாள் தள்ளிக் கேட்க முடியாதா? நான் வேண்டுமானால் மேட்ரன் அம்மாவிடம் பேசுகிறேன். தவறு என்னுடையது என்று சொல்கிறேன்.

மருமகள்

14 மார்ச்

மருமகளுக்கு,

தேதியைச் சும்மாதான் கேட்டேன். அவனிடம் நான் மேஜையைக் கேட்டது பிப்ரவரி கடைசியில், போனில். நீங்கள் அறுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அவன் மேல் குற்றம் இல்லை. உன் மேலும் இல்லை. இதைக் கிளறாதே.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்த வயதில் அறுபது செட் அதிகம்தான். மேட்ரன் அம்மாவுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவன் மூன்று வருடமாகக் கூப்பிடுகிறான். அடுத்த மாதம் அங்கேயே வந்துவிடுகிறேன். இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்.

ஹாலைப் பற்றி நீ எழுதியது நன்றாக இருந்தது. கிண்ணத்தை நடுவில் வைக்காதே, ஒரு பக்கமாகத் தள்ளி வை. நடுவில் வைத்தால் கடை ஜன்னல் போல இருக்கும்.

மாமா

18 மார்ச்

மாமாவுக்கு,

போனில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் போனில் மாவு மில் ஓடுகிறதே. அவரோடு நீங்கள் போனில் பேசி ஒரு வருடம் இருக்கும். உங்களுக்குப் பொய் எழுத வராது, மாமா. தையல் போலவே, எங்கே பிரித்தாலும் நூல் தெரிகிறது.

நாட்காட்டியைப் பார்த்தேன். பிப்ரவரி 16 உங்கள் மணிக்கட்டுப் பரிசோதனை. அவர்தான் கூட்டிப்போனார். இரவு சாப்பிடும்போது, "கத்தரி பிடிக்கலாம்னு டாக்டர் என்னைக்கு சொன்னாரு?" என்று கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்குத்தான். நானும்தான் ரூம்ல இருந்தேன்."

"மாமா மேஜையை அனுப்பச் சொன்னாரா?"

"வர்ற வழியெல்லாம் அதே பேச்சுதான்."

"ஆறு நாள் கழிச்சு என்னை அறுக்கச் சொன்னீங்க."

"நீதானே அறுக்கணும்னு நின்னே. அவர்கிட்ட முடியாதுன்னு என்னால சொல்ல முடியாது. அந்த மேஜை இருக்கிற வரைக்கும் அவர் இங்க வரப்போறதில்ல. ஒருநாள் கடைக்குள்ள விழுந்து கிடப்பாரு, பக்கத்துக் கடைக்காரன் எனக்குப் போன் பண்ணுவான். அதுக்கு இது மேல்."

"அப்போ அறுத்தது நான், பிடிச்சுக்கிட்டது நீங்க."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவருடைய பயம் பொய் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் கையை ரம்பமாக வைத்துக்கொண்டதை என்னால் விழுங்க முடியவில்லை.

நேற்று லீவு போட்டுவிட்டு மூன்று பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவதில், மூடிவிட்ட பள்ளியின் ஆய்வுக்கூட மேஜை ஒன்று. ஆறரை அடி, உயரம் முப்பத்தேழு. மூலையைப் பிடித்து உலுக்கினேன், ஆடவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன், பூச்சி இல்லை, எல்லாக் காலும் ஒரே வயசு. கடைக்காரர், "சென்டர் டேபிளுக்குத்தானம்மா? காலை அறுத்துத் தர்றேன், கூலி வேணாம்" என்றார். "கால்ல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்றேன். பாவம், இரண்டடி பின்னால் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உங்கள் கடை வாசலில் இறக்குவார்கள். ஆசிட் கறைகள் இருக்கின்றன. வெள்ளைத் துணி வெட்டும்போது மேஜை மேல் ஒரு விரிப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மேட்ரன் அம்மாவுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

இங்கே வந்து இருப்பதென்றால், உங்களுக்கே வரத் தோன்றும் நாளில் வாருங்கள்.

மருமகள்

30 மார்ச்

அளவுக்காரி மருமகளுக்கு,

மேஜை வந்தது. ஓர் அங்குலம் உயரம் அதிகம், காலடியில் பலகை போட்டுக்கொண்டேன். இருபது செட் வெட்டி, தைக்கிற பெண்களிடம் கொடுத்துவிட்டேன். இன்று இரவுக்குள் பொத்தான் முடியும். மணிக்கட்டு வலிக்கிறது. மறைக்கவில்லை. அவன் பயப்படுவதும் ஒரு கணக்கில் சரிதான். பக்கத்துக் கடைக்காரரிடம் சாவி ஒன்று கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் பொய் எழுதியது தப்பு. மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பழியை உன்னிடமே விட்டுவைத்தேன்.

சீருடையைக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். தங்க இல்லை, சாயங்காலம் திரும்பிவிடுவேன். எனக்காக ஹாலில் எதையும் மாற்றாதே. அந்த மேஜையை ஒளித்துவைக்காதே, மேலே துணி போடாதே. அதில் வைத்துத்தான் டீ குடிப்பேன். அவனை எனக்கு எதிரே உட்காரச் சொல்.

நான் அவனை எதுவும் கேட்க மாட்டேன். அவனே சொல்லும்வரை எழுந்திருக்கவும் மாட்டேன்.

அன்புடன்,
மாமா