மூன்று எண்ணும் வரை

லிந்துலை
11.01.2026

குளிருக்குப் பயந்து குளிக்காமல் இருக்கும் மாப்பிள்ளை ஜெயகாந்தனுக்கு,

மச்சான் சிவசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் அக்கா நாகலெட்சுமியும் நலம், அவள் வாய் அதைவிட நலம். போன் எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு நின்ற கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டு.

ஜப்பானில் நீ வேலை செய்கிற கம்பெனியின் புதுச் சின்னக் கார் நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. வாங்கியது பள்ளிக்கூடத்துத் தெரேசா டீச்சர். வாங்கச் சொன்னவன் நான், ஓட்டுபவனும் நான். ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சத்தமில்லை. பின் சீட்டை மடித்தால் இரண்டு மூட்டை லீக்ஸ், கேரட் போகிறது. பின்னால் எடுக்கும்போது முன்னால் டிவி மாதிரி படம் வருகிறது. முதல் நாள் அதில் வந்த நடிகை உன் அக்காவின் கோழி.

ஏற்றத்தில் கார் தானாக நிற்குமாமே. அது உன் செக்‌ஷன் வேலைதானாமே. விவரமாக எழுது. ஊருக்குக் காட்ட வேண்டும்.

உன் அழகான மச்சான்,
சிவசாமி

ஜப்பான்
28.01.2026

அன்புள்ள மச்சானுக்கு,

தினமும் குளிக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

இந்தக் காரை முதலில் களிமண்ணில் செய்து பார்த்தார்களாம். நான் வந்து சேர்ந்தபோது, யாரும் அடையாளம் காணக் கூடாது என்று கறுப்புத் துணி போர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தோம். பழைய மாடலைவிட எண்பது கிலோ குறைவு. சிமெந்து மேட்டில் நிறுத்துவதும் எடுப்பதும்தான் என் வேலை, நாளுக்கு இருநூறு தடவை.

ஒருநாள் என் செக்‌ஷன் பெரியவரிடம், எங்கள் ஊரில் ஏற்றத்தில் நிறுத்தினால் டயருக்குக் கல் வைப்போம் என்று படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் நம் தோட்டத்து ரோட்டின் சரிவைக் கேட்டு, அதே சரிவில் ஒரு மேடு கட்டிவிட்டார்கள். அதற்கு என் பெயரில் பலகையும் வைத்தார்கள். சோதனைத் தாளில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள்.

மச்சான், இது முக்கியம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு, மூன்று எண்ணும் வரைதான் கார் நிற்கும். கால் மாற்றி மிதிக்கத்தான் அந்த நேரம். இறங்குவதென்றால் ஹேண்ட் பிரேக் போட்டே ஆக வேண்டும். நம் ரோட்டுக்குக் கல்லும் வையுங்கள்.

அன்புடன்,
ஜெயகாந்தன்

லிந்துலை
22.02.2026

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு ஒரே மழை. கோழி நலம்.

ஒரு சின்னச் செய்தி. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்து ஏற்றத்தில் டீச்சரின் கார் பின்னால் உருண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டது. பின் கதவு நசுங்கியதோடு சரி. டீச்சர் உள்ளே இருந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பிரேக் பிடிக்கவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். மெஷின்தானே, நீ மனசில் வைக்காதே.

அக்கா முறுக்கு அனுப்புகிறாள். பல் பத்திரம்.

சிவசாமி மச்சான்

ஜப்பான்
10.03.2026

அன்புள்ள மச்சானுக்கு,

லிந்துலையில் இருந்து போன புகார் இங்கே வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட்டும் உருண்டது என்று ஓட்டியவர் சொன்னதாக எழுதியிருக்கிறது. ஓட்டியவர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாதா?

பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். முப்பது வருஷம் மலையில் வண்டி ஓட்டியவர், அவர் போட்டேன் என்றால் போட்டதுதான், நான்தான் எங்கேயோ கவனிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது கார் கழுவுகிற இடத்தில் நிற்கிறேன். மேட்டில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவு சொல்வார்கள்.

உங்களுக்கு அடி எதுவும் இல்லையே? அதை நீங்கள் எழுதவில்லை.

ஜெயகாந்தன்

லிந்துலை
20.03.2026

ஜெயகாந்தனுக்கு,

எனக்கு அடி இல்லை. நான் காரிலேயே இல்லை.

அன்று நான் ஹேண்ட் பிரேக் போடவில்லை. உன் கடிதத்தின் முதல் பக்கத்தைப் பத்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ட ஆளுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். மறுபக்கம் திருப்பவில்லை. பெரட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். டயருக்குக் கல் வைக்கும் நம் அழகுமுத்து வழக்கம்போலக் கல்லோடு வந்தான். “தூக்கி எறிடா அத. என் மாப்பிள்ள பேருல மேடு கட்டிச் செஞ்ச காரு இது” என்றேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், கார் நின்றது. கை தட்டினார்கள். இறங்கி ஒரு கும்பிடு போட்டேன். குனிந்து நிமிர்வதற்குள் போய்விட்டது.

அப்போது என் வாயில் முதலில் வந்தது “ஐயோ டீச்சர்” இல்லை. “பிரேக் புடிக்கல” என்பதுதான்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் மறுபக்கத்தைப் படித்தேன். படித்த பிறகும், கார் விற்ற இடத்திலிருந்து வந்த ஆள் கேட்டபோது, டீச்சரை வைத்துக்கொண்டே, ஹேண்ட் பிரேக் போட்டேன் என்றேன்.

நேற்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “நீங்க சொன்னத நம்பித்தானே சிவசாமி நான் புகாருல கையெழுத்துப் போட்டேன்” என்றார், அவ்வளவுதான். பிறகு நான் சொல்லச் சொல்ல, உன் கம்பெனிக்கு இடது கையால் இங்கிலீஷில் எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கீழே நான் பெயர் எழுதினேன். அதைப் படம் பிடித்து இன்று காலையே அனுப்பிவிட்டார். தாள் இதோடு வருகிறது. உன் பெரியவரிடம் என்னைப் பற்றிச் சொன்னதை நீ மாற்றிச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு முகமில்லை. இன்று காலை பெரட்டிலும் சொன்னேன். உன் அக்கா அங்கேதான் நின்றாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

டீச்சர் என்னை நிறுத்தவில்லை. இப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் நிறுத்தினால் மட்டும், “நீங்க இருங்க” என்று சொல்லிவிட்டு அவர் முதலில் இறங்குகிறார். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் கல்லைத் தூக்கி டயருக்கு வைக்கிறார். காலால் தட்டிப் பார்க்கிறார். பட்டனை அமுக்கினால் முன்னால் வரும் அந்தப் பின்பக்கப் படத்தில் அவர் குனிவது எனக்குத் தெரிகிறது. அவர் தலையாட்டிய பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.

சிவசாமி