மான் மோதிய வண்டி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. வெளிநாட்டில் உனக்கு வேலை கிடைத்த பெருமையை எதிர்வீட்டாரிடம் தினமும் பாடுகிறாள். அவர்கள் வீட்டையே காலி செய்துவிடுவார்கள் போலிருக்கிறது. இதைப் போனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை, மலைச்சாலையில் ஒரு கார் நின்றுவிட்டது என்று பட்டறைக்கு ஆள் வந்தார். போனேன். மூன்றாவது வளைவு. நகரத்துக்காரர்கள் காட்டையும் பனியையும் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே சோளம் சுட்டு விற்கும் அம்மாள், என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். அவள் கணவர் காட்டு செக்போஸ்ட்டில் காவலாளியாம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேலைக்கு நடந்து போனவரை ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்தாராம். உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். போட்டிருந்த நீல ஸ்வெட்டர் அவள் பின்னியது.

பிறகு கேட்டாள்: “முன்பக்கம் அடிபட்ட வண்டி ஏதாச்சும் உங்க பட்டறைக்கு வந்துச்சாண்ணே?”

இல்லையம்மா என்றேன். அண்ணே என்று கூப்பிட்டவளிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த ஞாயிறு காலையில் நீ வண்டியைக் கொண்டுவந்து, மான் குறுக்கே பாய்ந்துவிட்டது என்றாய். முப்பது வருடம் அடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கெடுத்தவன் நான். மான் என்றால் முடி ஒட்டியிருக்கும். ஒரு முடி இல்லை. கிரில்லில் நீல நூல் சிக்கியிருந்தது. பிடுங்கிக் குப்பையில் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். மதியத்துக்குள் பம்பரைத் தட்டி நிமிர்த்தி, பெயின்டும் அடித்து முடித்தேன். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேலை செய்ததில்லை.

இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். இருபது நாள் பொறுத்திருப்பேன். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் கை செய்ததைச் சொல்வேன். யார் வண்டி என்று கேட்பார்கள். அந்தப் பதிலை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

எங்கிருந்தாலும் நன்றாயிரு என்று எழுதத்தான் கை போகிறது. எழுத முடியவில்லை. வந்துவிடு, கண்ணா. ஸ்டேஷன் படி ஏறும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறுகிறேன்.

உன்னைப் பெற்ற
அப்பா