வெளுத்த படகும் வாடகை மெஷினும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் பின்பக்கம் போய் படகின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கையில் வெள்ளை ஒட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முழங்கையில் கொஞ்சம் வலி, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுது.

படகை விற்கச் சொன்னதை அப்பா உனக்கும் சொல்லியிருப்பார். போன மாதம் கப்பலில் இருந்து பேசும்போது இன்னொரு பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார், அதே மூச்சில் படகைப் பற்றியும் சொன்னார். "நான் இங்க, பாப்பா அங்க. யாரு ஓட்டப்போறா அதை?" நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை, அதுவும் சரிதான், எனக்கு ஓட்டத் தெரியாது. வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஏழு வருட வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்ட படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், விரலால் தொட்டார், விரலை வேட்டியில் துடைத்தார். பளபளப்பாக்கி வைத்தால் எடுத்துக்கொள்கிறேன், இந்தப் பெயரையும் எடுத்துவிடுங்கள், வாயாடி என் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள் என்றார். சின்ன வயதில் நீ ஓயாமல் பேசியதற்காக அப்பா ஒட்டிய பெயர் என்று நான் விளக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போகிறார்.

முதலில் நானாகவே கடையில் மெழுகு வாங்கிப் பூசினேன். கண்ணாடி மாதிரி இருந்தது, பத்தே நாளில் பழையபடி வெளுத்துவிட்டது. படகுப் பட்டறை நடத்துகிற பெண்ணிடம் போய்க் கேட்டேன். கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வந்தது, சளியா அக்கா என்றாள். யோசித்துப் பார்த்தால் இரண்டு நாளாக நான் யாரோடும் பேசியிருக்கவில்லை. நான் செய்ததைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "மூஞ்சி கழுவாம பவுடர் போட்டிருக்கீங்கக்கா." வெளுத்த தோலை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு காம்பவுண்ட் என்கிற பசையை வைத்து மெஷினால் மெருகேற்ற வேண்டும், மெழுகு கடைசியில்தான். ஒரே இடத்தில் நின்றால் மேல் நிறம் தீர்ந்து உள்ளே இருக்கிற பைபர் தெரிந்துவிடும், கையை ஓட்டிக்கொண்டே இருங்கள் என்றாள். பெயர் எழுத்துகளைச் சூடு காட்டி உரித்தேன். ஸ்டிக்கர் வந்துவிட்டது, பெயர் வரவில்லை. வெயில் படாத இடம் என்பதால் வெளுத்த படகில் வாயாடி மட்டும் புது நீலத்தில் அப்படியே நிற்கிறாள். சுரண்டி எடுக்கப் போனேன், அந்தப் பெண் வேண்டாம் என்றாள், மற்ற இடத்தை எல்லாம் அந்த நீலத்துக்குக் கொண்டுவாருங்கள், பெயர் தன்னால் போய்விடும் என்றாள். போன செவ்வாய்க்கிழமை போய்விட்டது. நான் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மெஷினைப் பட்டறையில் வாரக் கணக்கில்தான் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் தினமும் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்து திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் போய் வாங்கி வந்தேன். இரண்டு வேளையும் அவள் ஒரு டீ கொடுப்பாள், பக்கத்தில் எஞ்சின் பார்க்கிறவர் அவளைக் கிண்டல் செய்வார், அவளும் பதிலுக்குக் கிண்டல் செய்வாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் ஆனது. நேற்றுதான் அவள் கேட்டாள். "கை வலிக்குதுன்றீங்க, அப்புறம் ஏங்க்கா இதைத் தினம் தூக்கிட்டு அலையிறீங்க?" வீட்டில் வைக்க இடமில்லை என்றேன். மூன்று அறையும் காலியாகக் கிடக்கிற வீட்டில் இடமில்லை என்று எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. அவள் என்னைப் பட்டறையின் பின்னால் கூட்டிப் போய் ஒரு சிவப்புப் படகைக் காட்டினாள், சிவப்பு என்று அவள் சொல்லித்தான் தெரியும், அவ்வளவு வெளிறியிருந்தது. இதற்குப் பிறகு இன்னும் நாலு படகுகள் வரிசையில் நிற்கின்றன, எனக்குக் கை போதவில்லை, திங்கட்கிழமையில் இருந்து வருகிறீர்களா என்று கேட்டாள். நான் பழக்க தோஷத்தில், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, வீட்டில் யாரைக் கேட்பது. தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கண் டாக்டரிடம் போகிறேன் போகிறேன் என்று தள்ளிப்போடாதே, பழைய கண்ணாடியோடு ராத்திரி வேலை செய்யாதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்கு நல்லபடியாக முடிய வேண்டும், போகிற இடத்தில் எல்லாம் உன்னிடம் நாலு வார்த்தை பேச மனிதர்கள் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

அப்பா அடுத்த முறை பேசும்போது அவரிடம் கேட்கப் போவதில்லை, தகவலாகத்தான் சொல்லப் போகிறேன். அந்தப் பெண்ணுக்கே இன்னும் தெரியாது. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகிறேன்.

உன் அம்மா